துணிக்கடை நிறைந்திருக்கிறது, கல்லாவில் பணம் இருக்கிறதா?



2020-ஆம் ஆண்டை இங்குள்ள கடைத்தெருக்கள் எளிதில் மறக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எஸ்பிரிட் ஆடை நிறுவனம் சிங்கப்பூர், மலேசியா, தைவான், ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களில் இருந்த தனது 56 கடைகளையும் ஜூன் மாத இறுதிக்குள் மூடப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, 1858-இல் தொடங்கப்பட்ட ராபின்சன்ஸ் பேரங்காடி தனது கடைகளை மூடுவதாகச் சொன்னது. பணம் கட்டிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்கள்கூட, கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நேற்றுவரை அலமாரி நிறையத் துணி இருந்ததே, விளக்குகள் எரிந்தனவே, திடீரென்று எப்படி மூடினார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் பங்கு முதலீட்டாளர்களுக்கு மட்டும் தேவைப்படுவதன்று. துணிக்கடைக்குக் கடனில் சரக்கு அனுப்புகிறவருக்கு அது தேவை. அங்கே வேலைக்குச் சேரப் போகும் பிள்ளைக்குத் தேவை. பரிசுச் சீட்டு வாங்கி வைத்திருப்பவருக்கும், கடைக்கு இடத்தை வாடகைக்கு விடுபவருக்கும் தேவை. அடுத்த சில மாதங்களுக்குச் சம்பளம், வாடகை, சரக்குக் கடன் ஆகியவற்றைக் கொடுக்கும் சக்தி அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பதை ஓரளவு கணித்துப் பார்க்க வழி இருக்கிறது. கணக்கியலில் அதற்குப் பயன்படுபவை நீர்மை விகிதங்கள். ஒரு சொத்தை எவ்வளவு விரைவில் கைப்பணமாக மாற்ற முடியும் என்பதே இங்கு நீர்மை எனப்படுகிறது.

மூன்று எளிய கணக்குகள்

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்கிறது. அதில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, ஓராண்டுக்குள் பணமாக மாறக்கூடியவை. இவை நடப்புச் சொத்துகள். கையிருப்பு, வங்கிப் பணம், வரவேண்டிய பாக்கி, விற்காத சரக்கு ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, ஓராண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை. இவை நடப்புக் கடன்கள்.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வங்கிக் கணக்கில் 40,000 வெள்ளி இருக்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 20,000 வெள்ளி. அலமாரியில் இருக்கும் சேலை, ஜிப்பா, பாவாடைத் துணிகளின் கொள்முதல் மதிப்பு 240,000 வெள்ளி. ஆக நடப்புச் சொத்து 300,000 வெள்ளி. ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டிய கடனோ 150,000 வெள்ளி.

சொத்தைக் கடனால் வகுத்தால் 2 வருகிறது. இது நடப்பு விகிதம். ஒரு வெள்ளிக் கடனுக்கு இரண்டு வெள்ளிச் சொத்து இருக்கிறது என்று பொருள். பாடப்புத்தகங்கள் இதை நல்ல நிலை என்றே சொல்லும்.

இப்போது சரக்கை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது 60,000 வெள்ளி. அதை 150,000-ஆல் வகுத்தால் 0.4. இது விரைவு விகிதம். வரவேண்டிய பாக்கியையும் ஒதுக்கிவிட்டு, கையில் உள்ள 40,000 வெள்ளியை மட்டும் வகுத்தால் 0.27. இது ரொக்க விகிதம். ஒரே கடை, ஒரே நாள். ஆனால் 2 எங்கே, 0.27 எங்கே! இரண்டுக்கும் இடையில் கிடப்பது அலமாரியில் இருக்கும் துணி. அது விற்றால் கடை பிழைக்கும். தீபாவளிக்கு வாங்கி வைத்தது தீபாவளி முடிந்தும் விற்காமல் கிடந்தால், கணக்கில் மட்டும் சொத்தாக இருக்கும்.

சிமெண்டு, சீனி, இரும்பு போன்ற சரக்கு ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய அதே விலைக்குப் போகும். ஆடை அப்படியன்று. பருவம் போனால் விலை போகும். நாகரிகம் மாறினால் பாதி விலைக்கும் ஆள் வராது. 2018 மார்ச் மாதத்தில் ஹெச் அண்ட் எம் நிறுவனத்திடம் விற்காமல் இருந்த துணியின் மதிப்பு சுமார் 4.3 பில்லியன் அமெரிக்க டாலர் என்று தெரிய வந்தபோது முதலீட்டாளர்கள் கலங்கியதற்குக் காரணம் இதுதான்.

கேப் நிறுவனத்தின் கணக்கு

இனி உண்மையான கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1969-இல் டோனால்டு ஃபிஷர், டோரிஸ் ஃபிஷர் தம்பதியர் தொடங்கியது கேப் ஆடை நிறுவனம். ஓல்டு நேவி, பனானா ரிபப்ளிக், அத்லீட்டா ஆகிய பெயர்களும் அதற்குச் சொந்தமானவை. எஃப் ஜே பெஞ்சமின் நிறுவனத்துடன் 2006-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக அது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்ததை நேயர்கள் பலர் நினைவில் வைத்திருக்கலாம்.

2020 பிப்ரவரி 1-ஆம் தேதியுடன் முடிந்த ஆண்டில் அதன் விற்பனை 16,383 மில்லியன் டாலர். நிகர லாபம் 351 மில்லியன் டாலர். அன்றைய நிலவரப்படி ரொக்கம் 1,364 மில்லியன், குறுகிய கால முதலீடு 290 மில்லியன், ஆடைச் சரக்கு 2,156 மில்லியன், மற்ற நடப்புச் சொத்துகள் 706 மில்லியன். மொத்தம் 4,516 மில்லியன் டாலர். ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியது 3,209 மில்லியன் டாலர்.

வகுத்துப் பாருங்கள். நடப்பு விகிதம் 1.41. சரக்கை ஒதுக்கினால் 0.74. ரொக்கத்தையும் குறுகிய கால முதலீட்டையும் மட்டும் எடுத்தால் 0.52.

1-க்குக் கீழே போய்விட்டதே என்று உடனே பயந்துவிட வேண்டாம். துணிக்கடை அன்றாடம் ரொக்கத்துக்கு விற்கிறது. வாடிக்கையாளர்களிடம் பெரிய பாக்கி எதுவும் நிற்பதில்லை. ஆகவே நன்றாக நடக்கும் சில்லறைக் கடைகளிலும் விரைவு விகிதம் 1-க்குக் குறைவாக இருப்பது வழக்கம். நாளைய விற்பனை நாளைய கடனை அடைக்கும் என்பதே அவர்களது நம்பிக்கை. அந்த விற்பனை நிற்கும்வரை அதில் தவறில்லை.

சரக்கு எத்தனை நாளில் பணமாகும்?

விகிதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு, சரக்கு நிற்கும் நாள்கள். சரக்கிருப்பை ஓராண்டின் விற்பனை அடக்கச் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்க வேண்டும். கேப்பின் அடக்கச் செலவு அந்த ஆண்டில் 10,250 மில்லியன் டாலர். சரக்கு 2,156 மில்லியன். கணக்குப்படி 77 நாள் வருகிறது. கேப் தனது கடை வாடகையையும் அந்தச் செலவிலேயே சேர்த்துக் காட்டுவதால், உண்மையில் துணி நிற்கும் நாள் இதைவிடக் கூடுதல். குறைந்தது இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே முறையில், கொள்முதலுக்கும் பிறவற்றுக்கும் கொடுக்க வேண்டிய நிலுவையையும் கணக்கிடலாம். அது அன்று 1,174 மில்லியன் டாலர். நாளாக மாற்றினால் 42 நாள். அதாவது துணி பணமாக 77 நாள், பணம் கொடுக்க 42 நாள் தவணை. இடையில் உள்ள 35 நாளை நிறுவனம் தன் கைப்பணத்தைக் கொண்டே ஓட்ட வேண்டும். எந்தத் துணி நிறுவனத்தைப் பார்த்தாலும் இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். நடப்பு விகிதம் சொல்லாத செய்தியை அது சொல்லும்.

விகிதம் ஏமாற்றும் இரண்டு இடங்கள்

முதலாவது, கணக்கு விதி. 2019 பிப்ரவரி 2-ஆம் தேதி கேப்பின் நடப்புச் சொத்து 4,251 மில்லியன், நடப்புக் கடன் 2,174 மில்லியன். விகிதம் 1.96. அடுத்த ஆண்டில் அது 1.41. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், நிறுவனம் ஒரே ஆண்டில் சரிந்துவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் இடையில் அமெரிக்கக் கணக்கியல் விதி மாறியது. கடைகளுக்கு வரும் ஓராண்டில் கொடுக்க வேண்டிய குத்தகை வாடகையும் கடனாகக் காட்டப்பட வேண்டும் என்று விதி வந்தது. அந்தத் தொகை மட்டும் 920 மில்லியன் டாலர். அதை எடுத்துவிட்டு வகுத்தால் விகிதம் 1.97. முந்தைய ஆண்டின் நிலைதான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கு நிகரான குத்தகை விதி 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே 2018-ஆம் ஆண்டுக் கணக்கையும் அதற்குப் பிந்தைய கணக்கையும் ஒப்பிடுகிறவர்கள் குத்தகைத் தொகையைத் தனியே பார்க்க வேண்டும். புதிய விதி நல்லதே செய்தது. வாடகையும் ஒரு கடன்தான் என்பதை 2020-இல் உலகமே பார்த்தது.

இரண்டாவது, தேதி. கேப் தன் ஆண்டுக் கணக்கை ஜனவரி மாத இறுதியை ஒட்டி முடிக்கிறது. கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்து, சரக்கு குறைந்து, கல்லா நிறைந்திருக்கும் நேரம் அது. அக்டோபர் மாத இறுதியில் பார்த்தால், பண்டிகைக்காகச் சரக்கை வாங்கிக் குவித்துப் பணம் குறைந்திருக்கும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும் தீபாவளி முடிந்த மறுவாரமும் ஒரே ஜவுளிக்கடையின் கணக்கைப் பார்ப்பது போன்றது இது. ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. காலாண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதுவும் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விற்பனை நின்றபோது

2020 மார்ச் 19 முதல் கேப் வட அமெரிக்காவில் தன் கடைகளை மூடியது. கோவிட்-19 காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய மறுநாள் அது. இணைய விற்பனை தொடர்ந்தாலும், கடைகளின் கல்லா நின்றது. அலமாரியில் இருந்த 2 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட துணி, வசந்தகாலத் துணி, பூட்டிய கதவுக்குப் பின்னால் பழையதாகிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தவை விரைவாக நடந்தன. வங்கியிடம் ஏற்பாடு செய்து வைத்திருந்த 500 மில்லியன் டாலர் கடன் வசதி முழுவதையும் மார்ச் மாதத்திலேயே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 80,000 கடை ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டனர். ஏப்ரல் மாதம் முதல் வட அமெரிக்கக் கடைகளின் வாடகையை நிறுத்தியது. அது மாதம் சுமார் 115 மில்லியன் டாலர். கடைத்தொகுதிகளின் உரிமையாளரான சைமன் பிராப்பர்ட்டி நிறுவனம், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வாடகைப் பாக்கியாக 65.9 மில்லியன் டாலர் கேட்டு வழக்கே தொடுத்தது.

1.7 பில்லியன் டாலராக இருந்த கைப்பணம் மே 2-ஆம் தேதி 750 முதல் 850 மில்லியன் டாலராகக் குறைந்துவிடும் என்று ஏப்ரல் மாதத்தில் கேப் தானே மதிப்பிட்டது. மூன்று மாதத்தில் பாதி! அந்தக் காலாண்டில் விற்பனை 43 விழுக்காடு வீழ்ந்தது. நட்டம் 932 மில்லியன் டாலர். அதில் கவனிக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. இனி முழு விலைக்குப் போகாது என்று சரக்கின் மதிப்பில் 235 மில்லியன் டாலரைக் குறைத்து எழுதினார்கள். பிப்ரவரி மாதத்து 1.41 விகிதத்துக்குள் அந்தத் துணியும் சொத்தாக எண்ணப்பட்டிருந்தது.

கேப் பிழைத்தது. கடன் கொடுக்க ஆள் கிடைத்ததால் பிழைத்தது. மே மாதத்தில் சொத்துகளை ஈடாக வைத்து 2.25 பில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி 8.375 முதல் 8.875 விழுக்காடு. அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் 5.95 விழுக்காட்டு வட்டியில் இருந்த 1.25 பில்லியன் டாலர் பழைய பத்திரத்தை அடைத்தது. கணக்குப் போட்டால், பத்திர வட்டி ஆண்டுக்குச் சுமார் 74 மில்லியன் டாலரிலிருந்து 195 மில்லியன் டாலராக உயர்ந்தது. அதே மே மாதம் 4-ஆம் தேதி, ஜே குரூ என்ற மற்றோர் ஆடை நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதன் தோளில் ஏற்கனவே சுமார் 1.65 பில்லியன் டாலர் கடன் இருந்தது. புயல் ஒன்றுதான். பழைய கடன் குறைவாக இருந்தவருக்குப் புதிய கடன் கிடைத்தது.

நட்ட ஆண்டில் உயர்ந்த விகிதம்

கதை இத்துடன் முடியவில்லை. 2021 ஜனவரி 30-ஆம் தேதியுடன் முடிந்த ஆண்டில் கேப்பின் விற்பனை 13,800 மில்லியன் டாலராகக் குறைந்தது. நிகர நட்டம் 665 மில்லியன் டாலர். அந்த ஆண்டின் நடப்பு விகிதம் என்ன தெரியுமா? நடப்புச் சொத்து 6,008 மில்லியன், நடப்புக் கடன் 3,884 மில்லியன். விகிதம் 1.55. லாபம் ஈட்டிய ஆண்டில் 1.41, பெரும் நட்டம் கண்ட ஆண்டில் 1.55!

இதற்குப் பெரிய காரணம், கடனாக வாங்கிய பணம் ரொக்கமாகப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாள் 2023, 2025, 2027 என்று தள்ளி இருந்ததால், அது நடப்புக் கடனில் வரவில்லை. விகிதம் பொய் சொல்லவில்லை. அடுத்த ஓராண்டுக்கு நிறுவனத்தால் சமாளிக்க முடியும் என்பதை அது சரியாகவே சொன்னது. அந்தச் சமாளிப்புக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது.

அதே கணக்கில், கொடுக்க வேண்டிய நிலுவை 1,174 மில்லியனிலிருந்து 1,743 மில்லியன் டாலராக உயர்ந்திருந்தது. விற்பனை குறைந்த ஆண்டில் நிலுவை ஏறியிருக்கிறது. நாள் கணக்கில் சொன்னால், 42 நாள் 70 நாளாயிற்று. ஒரு நிறுவனத்தின் கைப்பணம் கூடும்போது, அதற்குச் சரக்கு அனுப்பியவர், இடம் கொடுத்தவர் ஆகியோரின் கைப்பணம் குறைகிறது. மேற்கத்திய ஆடை நிறுவனங்கள் பலவும் 2020-இல் ரத்து செய்த அல்லது நிறுத்தி வைத்த வேலைகள் 3 பில்லியன் டாலருக்கும் மேல் என்று வங்காளதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் கூறியது. அந்தச் சுமை கடைசியில் இறங்கியது தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த தொழிலாளர்கள் மீதுதான்.

நேயர்கள் செய்யக்கூடியது

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால், அதன் இடைக்கால, ஆண்டுக் கணக்குகளை புர்சா மலேசியா, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையத் தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். தனியார் நிறுவனமாக இருந்தால், மலேசியாவில் நிறுவனங்களின் ஆணையமான எஸ்எஸ்எம், சிங்கப்பூரில் அக்ரா ஆகியவற்றிடம் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பெற முடியும். சிறிய நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கணக்கைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு உண்டு. அத்தகைய கடைக்குப் பெருந்தொகைக்குக் கடனில் சரக்கு அனுப்புகிறவர், கணக்கை நேரில் கேட்டு வாங்குவதற்குத் தயங்கக் கூடாது.

கணக்கு கைக்கு வந்ததும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. நடப்பு விகிதம் என்ன? சரக்கை ஒதுக்கினால் அது எவ்வளவு இறங்குகிறது?

2. சரக்கு நிற்கும் நாள் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா? விற்பனை அப்படியே இருக்க சரக்கு மட்டும் ஏறினால், பழைய துணி தேங்குகிறது என்று பொருள்.

3. சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுக்கும் நாள் நீண்டுகொண்டே போகிறதா?

4. கைப்பணம் எங்கிருந்து வந்தது? துணி விற்று வந்ததா, கடன் வாங்கி வந்ததா? பணப்புழக்க அறிக்கையில் இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும்.

5. பெரிய கடன் எதுவும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் முதிர்கிறதா? நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணக்காய்வாளர் ஐயம் எதுவும் எழுப்பியிருக்கிறாரா? அவரது அறிக்கையில் அப்படி ஒரு பத்தி இருந்தால், மற்றவற்றைப் படிக்கும் முன் அதைப் படியுங்கள்.

இந்த ஐந்துக்கும் விடை காண ஒரு கால்குலேட்டரும் அரை மணி நேரமும் போதும். ஆயிரக்கணக்கில் சரக்கை அனுப்பிவிட்டுப் பணம் வராமல் அலைவதைவிட, வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே சம்பளம் நின்றுபோய்த் தவிப்பதைவிட, இந்த அரை மணி நேரம் மிகவும் மலிவு. கடையின் அழகைப் பார்த்து நம்பிக்கை வைப்பவர்கள், ஒருமுறை அதன் கணக்கையும் பார்த்துவிட்டு நம்பிக்கை வைக்கட்டும்.